அம்பு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பயிற்சி மைதானத்தில் அம்பை அளந்து வெட்டுவதும், முனையையும் இறகையும் ஒட்டித் தருவதும் பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகிறது. வில்லைப் பற்றிப் பலமுறை விசாரித்து வாங்குகிறவர்கள், அம்பை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிட்டு, அது ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்று என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில்லை விரலால் இழுத்து எய்பவர்களுக்கானவை. கப்பிகள் வைத்த காம்பவுண்டு வில்லுக்கும் மூங்கில் வில்லுக்கும் தனிக் கேள்விகள் உண்டு. இடம், வலம் என்று வரும் இடங்களில் வலக்கையால் நாணை இழுப்பவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். இடக்கையர் அவற்றை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

“நல்ல அம்பு எதுன்னு ஒரு கம்பெனி பேர் மட்டும் சொல்லுங்க சார், வாங்கிடறேன்.”

பெயரைச் சொல்வதால் பயனில்லை. ஒரே வில்லை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி எய்தால், அண்ணனுக்கு நடுவில் போய்க் குத்தும் அதே அம்பு தங்கைக்கு இடப்புறம் விலகிப் போவதைப் பார்க்கலாம். தங்கையின் கை சற்றுக் குட்டை என்பதால் நாணை அவர் குறைவாகவே இழுக்கிறார். வில் அம்பைத் தள்ளும் விசை குறைகிறது. அந்த விசைக்கு அந்த அம்பு விறைப்பு மிகுந்ததாகிவிடுகிறது. அம்பிலும் வில்லிலும் எந்தக் குறையும் இல்லை, ஆளுக்கும் அம்புக்கும்தான் பொருத்தமில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்களைப் பற்றிய இரண்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும். நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள் என்பது ஒன்று; அப்படி இழுத்து நிறுத்தும்போது விரலில் எத்தனை பவுண்டு நிற்கிறது என்பது மற்றொன்று. இவை தெரிந்துவிட்டால் எந்த நிறுவனத்தின் அம்பையும் தேர்ந்தெடுக்கலாம்.

“என் வில்லில் 68 – 28 என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் 28 பவுண்டுக்கான அம்பு வாங்கினால் போதும்தானே?”

முதல் எண் வில்லின் நீளத்தை அங்குலத்தில் குறிக்கிறது. இரண்டாவது எண் இழுவை எடை. அது 28 அங்குல இழுவையில் அளந்தது. நீங்கள் சரியாக 28 அங்குலம் இழுப்பவராக இருந்தால் மட்டுமே அந்த எண் உங்களுக்குப் பொருந்தும். ரீகர்வ் வில்லில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறையும், கூடினால் அதே அளவு கூடும். எனவே 26 அங்குலம் இழுப்பவர் விரலில் 24 பவுண்டு அளவுக்குத்தான் இருக்கும்.

இதுவும் ஒரு மதிப்பீடுதான். லிம்பை, அதாவது வில்லின் வளையும் கையை, இறுக்கித் தளர்த்தும் திருகு உள்ள வில்லில் இழுவை எடை இன்னும் சில பவுண்டு மாறக்கூடும். பெட்டிகளைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை நாணில் மாட்டி, உங்கள் இழுவை அளவு வரை இழுத்து எண்ணைப் படித்துவிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

“என் இழுவை நீளத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?”

தோராயமாக முடியும். சுவரோரம் நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அந்த அளவை 2.5 ஆல் வகுத்தால் கிடைப்பது உங்கள் இழுவை நீளத்துக்கு நெருங்கிய எண். கைவீச்சு 170 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 67 அங்குலம் என்றால், இழுவை 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

துல்லியமாக வேண்டுமானால் மைதானத்துக்குத்தான் வர வேண்டும். எங்களிடம் வெட்டாத நீண்ட அம்பு ஒன்று இருக்கிறது. அதில் அங்குலம் அங்குலமாக வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறோம். மிகவும் லேசான வில்லில் அதைப் பூட்டி, பயிற்சியாளர் சொல்லும் நிலையில் நாணைத் தாடையருகே கொண்டுவந்து நிறுத்தச் சொல்வோம். பக்கத்தில் நிற்பவர் கோட்டைப் படிப்பார். நாண் இருக்கும் இடத்திலிருந்து கைப்பிடியின் மிக ஆழமான புள்ளி வரை உள்ள தூரத்தோடு ஒன்றேமுக்கால் அங்குலம் கூட்டினால் வருவதே விற்பனையாளர்கள் பேசும் இழுவை நீளம். எய்யாமல் மெதுவாக இறக்கிவிட வேண்டும். புதியவர் ஒருவரை மூன்று நான்கு முறை இழுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் மாறும். அந்த மாற்றம் நிற்கும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு, மைதானத்தின் பொது அம்புகளையே பயன்படுத்துவது நல்லது.

“இழுவை 27 அங்குலம் என்றால் அம்பும் 27 அங்குலம்தானே?”

தொடக்கநிலையில் இருப்பவர் இழுவையைவிட இரண்டு அங்குலமாவது நீளமான அம்பை வாங்க வேண்டும். அம்பின் நீளம் என்பது நாண் உட்காரும் பிளவின் அடியிலிருந்து தண்டு முடியும் இடம் வரை உள்ள அளவு. உலோக முனை அதில் சேராது. இதை அறியாமல் முனையையும் சேர்த்து அளந்து, ஓர் அங்குலம் குட்டையான அம்புகளை வரவழைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீளத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முறை கல்லூரி மாணவர் ஒருவர் உறவினரிடம் இரவல் வாங்கிய அம்புகளோடு வந்தார். அவர் முழுதாக இழுத்தபோது முனை, அம்பு உட்காரும் ரெஸ்ட்டைவிட்டுப் பின்னால் நழுவி, வில்லைப் பிடித்திருந்த இடக்கையின் கட்டைவிரல் மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. பயிற்சியாளர் குரலை உயர்த்தாமல், “விடாதே, இறக்கு, மெல்ல இறக்கு” என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போய் நின்றார். நாணை விட்டிருந்தால் அம்பு கையைத் துளைத்திருக்கும். நீளம் கூடினால் சற்று எடை கூடும், தண்டு கொஞ்சம் இளகும், அவ்வளவே. முழு இழுவை வந்ததைச் சொடுக்கொலியால் அறிவிக்கும் கிளிக்கர் வைத்து எய்யும் அளவுக்கு இழுவை நிலைபெற்ற பிறகு, முனை கிளிக்கரின் அடியில் வந்து நிற்கும்படி வெட்டிக்கொள்ளலாம்.

“அம்பின் மேல் 500, 700, 900 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? பெரிய எண் என்றால் நல்ல அம்பா?”

அந்த எண்ணை ஸ்பைன் என்பார்கள். தண்டின் விறைப்பைக் குறிக்கும் அளவு அது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, சரியாக நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு கீழ்நோக்கி வளையும். அந்த வளைவு அரை அங்குலமாக இருந்தால் அது 500. ஓர் அங்குலமாக இருந்தால் 1000. அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு வளைந்தது என்பதே கணக்கு. எண் பெரிதானால் தண்டு இளக்கமானது, சிறிதானால் விறைப்பானது. தரத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

மரத் தண்டுகளுக்கு வேறு வழக்கம். அவற்றை 26 அங்குல இடைவெளியில் இரண்டு பவுண்டு எடை தொங்கவிட்டு அளந்து, 26 ஐ அந்த வளைவால் வகுத்து, வரும் விடையைப் பவுண்டில் சொல்வார்கள். 0.65 அங்குலம் வளைந்த மரத் தண்டு 40 பவுண்டு தண்டு. இந்த முறையில் எண் பெரிதானால் விறைப்புக் கூடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

“அம்பு வளையவே கூடாது, கம்பி மாதிரி இருக்கணும், அப்பதானே நேரா போகும்?”

கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். நடப்பது வேறு. நாண் வில்லின் நடுக்கோட்டில் முன்னேறுகிறது. அம்போ கைப்பிடியின் பக்கவாட்டில் கிடக்கிறது. விரல்களிலிருந்து நழுவும்போது நாண் நேராகவும் முன்னே போவதில்லை. விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு சற்று இடப்புறம் ஒதுங்கிவிட்டே முன்னேறுகிறது. பின்னாலிருந்து திடீரென்று தள்ளப்படும் அம்பு, முன்னால் உள்ள முனையின் எடை அசைய மறுப்பதால், நடுவில் வளைகிறது. ஒரு புறம் வளைந்து, மறுபுறம் வளைந்து, மீனைப் போல் நெளிந்துகொண்டே அது கைப்பிடியைக் கடக்கிறது. வால் பகுதி கைப்பிடியருகே வரும் நேரத்தில் அந்த நெளிவு வாலை வெளிப்புறமாக விலக்கியிருந்தால், அம்பு எதிலும் உரசாமல் வெளியேறும்.

இதை வில்லாளியின் முரண் என்று சொல்வார்கள். 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் போன்ற அறிவியலாளர்கள் அதிவேகப் படப்பிடிப்பின் உதவியோடு ஆராய்ந்த பிறகுதான், பலர் ஊகித்திருந்த இந்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நல்ல கைப்பேசியின் மெதுவோட்டப் படத்திலேயே இந்த நெளிவை ஓரளவு பார்க்கலாம். புதியவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன். விறைப்பு மிகுந்தால் வளைவு போதாமல் அம்பு இடப்புறம் விலகும், குறைந்தால் அளவுக்கு மீறி வளைந்து வலப்புறம் போகும். முதல் விடையில் வந்த தங்கையின் அம்பு இடப்புறம் போனதற்கும் இதுவே காரணம்.

“சரி, எனக்கு எந்த எண் வாங்கணும்?”

ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஓர் அட்டவணை வெளியிடுகிறார். விரலில் நிற்கும் எடை ஒரு பக்கம், அம்பின் நீளம் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எண் இருக்கும். 28 அங்குல அம்புக்கு, விரலில் 24 பவுண்டு என்றால் 900 முதல் 1000 வரையிலும், 30 பவுண்டுக்குச் சற்று மேல் என்றால் 800க்கு அருகிலும், 36 முதல் 38 பவுண்டு என்றால் 600 முதல் 700 வரையிலும் தேட வேண்டியிருக்கும். அட்டவணைக்கு அட்டவணை இது மாறும் என்பதால், வாங்கப்போகும் அம்பின் சொந்த அட்டவணையையே பார்க்க வேண்டும்.

அட்டவணையின் எண் தண்டைக் கிடத்தி அளந்தது. எய்யும்போது அம்பு எவ்வளவு விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதை வேறு சிலவும் முடிவு செய்கின்றன. தண்டு நீண்டால் இளகும், வெட்டினால் விறைக்கும். முனை கனத்தால் இளகும். வில்லின் விசை கூடினால் அம்பு கூடுதலாக வளையும். டாக்ரான் நாணிலிருந்து நீட்சி குறைந்த வேகமான நாணுக்கு மாறினாலும் அப்படியே. ஆகையால் இரண்டு எண்களுக்கு இடையில் ஊசலாடுகிறவர்களுக்கும், சில மாதங்களில் கூடுதல் பவுண்டுக்கு மாற இருப்பவர்களுக்கும், விறைப்பான எண்ணை வாங்கி, வெட்டாமல் நீளமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நீளம் இப்போதைக்கு அம்பை இளக்கித் தரும். வில்லின் இழுவை எடை கூடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம்.

“மரம், அலுமினியம், கார்பன்: ஒலிம்பிக்கில் எய்யும் அம்பையே வாங்கிவிட்டால் கவலை இல்லையே?”

ஒலிம்பிக் மைதானங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஈஸ்டன் எக்ஸ்10. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்த அது, மெல்லிய அலுமினியக் குழாயின் மேல் கார்பன் போர்த்தி, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும்படி செய்யப்பட்டது. 70 மீட்டரில் காற்று தள்ளும்போது அந்த மெல்லிய உருவமும் எடையும் உதவும். 18 மீட்டரில் இன்னும் இலக்கட்டையைத் தவறவிட்டுக்கொண்டிருப்பவருக்கு, அந்த ஓர் அம்பு மரச்சட்டத்தில் மோதி உடைவதைப் பார்ப்பதுதான் மிஞ்சும். வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அலுமினிய அம்புகள் ஒரே சீரானவை, விலை குறைந்தவை, வளைந்தாலும் ஓரளவுக்கு நிமிர்த்தலாம். அவற்றின் மேல் நான்கு இலக்க எண் இருக்கும். 1716 என்றால் குறுக்களவு அங்குலத்தின் 64இல் 17 பங்கு, குழாய்ச் சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு. முந்தைய ஸ்பைன் எண்ணோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. கார்பன் லேசானது, வளைந்தே நிற்காது. ஒன்று நேராக இருக்கும், அல்லது உடையும். நடுத்தர விலையுள்ள முழுக் கார்பன் தண்டு, முதல் சொந்த அம்பாக வாங்குவதற்குப் போதுமானது. மர அம்பு மரவில்லுக்கும் பழைய பாணி வில்லுக்கும் அழகாகப் பொருந்தும். காம்பவுண்டு வில்லில் மட்டும் அதை வைக்கவே கூடாது. அந்த வேகத்தில் தண்டு பிளந்து கைக்குள் ஏறும்.

“நான் இந்தியன் ரவுண்டில் மூங்கில் வில்தான் எய்கிறேன். எனக்கு இந்த எண்ணெல்லாம் உண்டா?”

தேசியப் போட்டிகளில் ரீகர்வ், காம்பவுண்டு பிரிவுகளோடு மூங்கில் வில்லும் மூங்கில் அம்பும் கொண்டு எய்யும் இந்தியன் ரவுண்டும் இருக்கிறது. தீபிகா குமாரி போன்றவர்கள்கூட மூங்கில் வில்லில் தொடங்கியவர்கள்தாம். மூங்கில் தண்டில் எண் அச்சிட்டிருக்காது என்பதால், தேர்ந்தெடுக்கும் வேலை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. மேலே சொன்ன மரத் தண்டு முறையில் ஒவ்வொன்றையும் வளைத்து அளந்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, ஒத்தவற்றை ஒரு கட்டாகச் சேர்க்க வேண்டும். இருபது தண்டு வாங்கினால் நன்றாக ஒத்துவருபவை எட்டு தேறினாலே மகிழலாம்.

கணுக்களில் கை வைத்துப் பாருங்கள். விரிசல் முதலில் அங்கேதான் எழும். வளைந்த தண்டைத் தணலின் மேல் காட்டி, கணுவருகே மெல்ல அழுத்தி நிமிர்த்தலாம். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் தண்டுகளையும் ஒருமுறை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட வேண்டும். ஈரம் ஏறிய மூங்கில் சொல்லாமல் கொள்ளாமல் கோணிக்கொள்ளும்.

“முனை 80 கிரெய்னா, 100 கிரெய்னா, 120 கிரெய்னா? சும்மா எடைதானே, எதுவானால் என்ன?”

கிரெய்ன் என்பது அம்பு எடையின் அலகு. ஒரு கிராமில் ஏறத்தாழ 15.4 கிரெய்ன். முனையை மாற்றினால் இரண்டு மாறும். அம்பின் நடைமுறை விறைப்பு மாறுவதை முன்பே சொன்னேன். மற்றது, அம்பின் சமநிலைப்புள்ளி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது. அம்பை விரல்மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்து, அது தண்டின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை மொத்த நீளத்தின் விழுக்காடாகக் கணக்கிட வேண்டும். 28 அங்குல அம்பு, நாண் பிளவிலிருந்து 18 அங்குலத்தில் சமநிலை கொண்டால், நடுவாகிய 14ஐவிட 4 அங்குலம் முன்னால்; விழுக்காடு 14.3.

வெளியரங்கில் எய்யும் ரீகர்வ் அம்புக்கு 11 முதல் 16 விழுக்காடு வரை பரிந்துரைக்கப்படுகிறது. மிகக் குறைந்தால் அம்பு காற்றில் தள்ளாடும். கூடினால் தொலைவில் சீக்கிரம் தலை கவிழும். லேசான வில் வைத்திருப்பவர் 120 கிரெய்ன் போட்டுவிட்டு 50 மீட்டருக்கு, குறிபார்க்கும் சைட்டை இறக்க இடமில்லாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

“லேசான அம்பு வேகமாகப் போகுமே, எவ்வளவு லேசாக வாங்கலாம்?”

நாணில் எடையே இல்லாமல் வில்லை இழுத்துவிடுவது வில்லுக்குக் கேடு என்று எல்லாரும் அறிவர். மிக லேசான அம்பை எய்வது அதற்கு அடுத்தபடி. அம்பு வாங்கிக்கொள்ளாத விசை லிம்பிலும் நாணிலும் அதிர்வாகத் தங்கிவிடுகிறது. இழுவை எடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் என்பது பல வில் தயாரிப்பாளர்கள் வைக்கும் கீழெல்லை. 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம். மரவில்லுக்கு இந்த எல்லை போதாது. பவுண்டுக்கு 9, 10 கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால் வில் பல ஆண்டு உழைக்கும். உங்கள் வில்லின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதியானது.

“இறகு எது நல்லது, நிஜ இறகா பிளாஸ்டிக்கா?”

அம்பு எதன் மேல் உட்கார்ந்து புறப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ரெஸ்ட் இல்லாமல் வில்லின் மரத்திட்டிலிருந்தே எய்பவருக்குப் பறவையிறகுதான் வேண்டும்; உரசினால் அது மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் அம்பைத் தட்டிவிடும். ஓர் அம்பில் ஒட்டும் மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். ரெஸ்ட்டும், அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சுருள்வில் குமிழான பிளஞ்சரும் உள்ள ரீகர்வ் வில்லுக்குச் சிறிய பிளாஸ்டிக் இறகு போதும். தேர்ந்தவர்கள் சுருண்ட மெல்லிய தகடு இறகுகளை விரும்புவார்கள், அவை அம்பை வேகமாகச் சுழற்றும், அதே வேகத்தில் கிழியவும் செய்யும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அம்புகளை விட்டுப்போனால் எந்தப் பிளாஸ்டிக் இறகும் அலைபோல் நெளிந்துவிடும்.

“நாக்கில் என்ன இருக்கிறது தேர்ந்தெடுக்க?”

நாண் உட்காரும் அந்தப் பிளவுத் துண்டுக்குக் குதை என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. மைதானத்தில் எல்லாரும் நாக் என்கிறோம். அது நாணில் மெல்லிய சொடுக்கோடு மாட்ட வேண்டும். வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பைத் தொங்கவிட்டால் விழாமல் நிற்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் அம்பு நாணைவிட்டுப் பிரியத் தயங்கி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உயரத்தில் போய்க் குத்தும். தளர்வாக இருந்தால் இழுக்கும்போதே நழுவி, வெறும் நாணை விட்டதாகிவிடும். நாணின் நடுச்சுற்று நூல் தடிமன் மாறினால் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

“உள்ளரங்குப் போட்டிக்கு எல்லாரும் தடித்த அம்பு வைத்திருக்கிறார்களே, நானும் மாற வேண்டுமா?”

இலக்குத் தாளில் கோட்டை அம்பு தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்பதால் தடித்த தண்டுக்கு ஒரு சலுகை உண்டு. உலக வில்வித்தை விதிப்படி தண்டின் குறுக்களவு 9.3 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கலாம், முனைக்கு 9.4 வரை. 5.5 மில்லிமீட்டர் தண்டோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 1.9 மில்லிமீட்டர் லாபம். 18 மீட்டரில் காற்றும் இல்லை.

ஆனால் தடித்த குழாய் விறைப்பு மிகுந்தது. 28 பவுண்டு வில்லுக்கு ஏற்ற அளவு இளக்கமான 9.3 மில்லிமீட்டர் தண்டு கிடைப்பது அரிது. கிடைத்ததை வாங்கிப் போட்டால், விறைப்பால் அம்பு விலகும் தூரம் கோட்டில் கிடைத்த லாபத்தைப்போல் பல மடங்கு இருக்கும். 36 பவுண்டுக்கு மேல் போன பிறகு இதை யோசியுங்கள்.

“காம்பவுண்டு வில்லுக்கும் இதே கணக்குதானா?”

முறை ஒன்றே, அட்டவணை வேறு. காம்பவுண்டு வில்லில் ரிலீஸ் என்ற கைக்கருவியின் விசையை அழுத்தி நாணை விடுவதால் விரல் நுனியைச் சுற்றி நாண் ஒதுங்குவது இல்லை; அம்பும் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலேயே கிடக்கிறது. பக்கவாட்டு வளைவு குறைந்து, மேலும் கீழுமான வளைவே மிகுதி. இந்த வில்லில் முழுதாக இழுத்ததும் எடை இறங்கிவிடும். அப்படி இறுதியில் கையில் நிற்கும் குறைந்த எடையைக் கொண்டு அம்பு தேர்ந்தெடுப்பது பரவலான பிழை. இழுக்கும் வழியில் வரும் உச்ச எடையே கணக்கு, ஏனெனில் அம்பு அந்த உச்சத்தையும் கடந்துதான் வெளியே வருகிறது. 50 பவுண்டு வில் கையில் 15 பவுண்டாக நின்றாலும் அது 50 பவுண்டு வில்தான்.

“வாங்கிவிட்டேன். பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

இரண்டு அம்புகளில் இறகு ஒட்டாமல் விடச் சொல்லுங்கள். இறகின் எடைக்கு ஈடாகச் சிறிது ஒட்டுநாடாவை அந்த இடத்தில் சுற்றலாம். 18 மீட்டரில் இறகுள்ள மூன்று அம்புகளையும் இறகில்லாத இரண்டையும் ஒரே குறியில் எய்யுங்கள். இறகு பிழையை வழியிலேயே திருத்திவிடும். இறகில்லாத அம்பு மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். அது இறகுள்ளவற்றுக்கு இடப்புறம் குத்தினால் விறைப்பு அதிகம். வலப்புறம் என்றால் இளக்கம். கீழே குத்தினால் நாணில் அம்பு மாட்டும் குறி உயரமாக இருக்கிறது. மேலே குத்தினால் தாழ்ந்திருக்கிறது. மேல் கீழை முதலில் சரிசெய்துவிட்டு இடம் வலத்துக்குப் போக வேண்டும்.

இறகுள்ள அம்புகளே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழாத நிலையில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அதில் தெரிவது கையின் நடுக்கமாகத்தான் இருக்கும்.

“தப்பான எண் வாங்கிட்டேன். காசு போச்சா?”

ஓரெண் தள்ளிப் போயிருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். இளக்கமாக இருந்தால் லேசான முனைக்கு மாறலாம், பிளஞ்சரின் சுருள்வில்லை இறுக்கலாம், வில்லின் இழுவை எடையைச் சற்றுக் குறைக்கலாம். எதுவும் போதாதபோது தண்டைக் கால் கால் அங்குலமாக வெட்டலாம், நான்காம் கேள்வியில் சொன்ன பாதுகாப்பு எல்லையைத் தாண்டாமல். விறைப்பாக இருந்தால் இவற்றுக்கு மறுதலையாகச் செய்ய வேண்டும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. எப்போதும் ஓர் அம்பை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

கார்பனை இரும்பறுக்கும் வாளால் வெட்டினால் நார் நாராகப் பிரியும். வேகமாகச் சுழலும் தேய்ப்புத் தட்டுதான் வேண்டும்; அதன் கரிய தூள் மூக்கில் போகாமல் முகக்கவசம் அணிந்து, கீழே ஈரச் செய்தித்தாள் விரித்து வேலை செய்கிறேன். முனையைக் கழற்ற நெருப்பைத் தண்டில் காட்டக் கூடாது. உருகுபசையில் ஒட்டிய முனையைக் கொதிநீரில் சற்று நேரம் அமிழ்த்திப் பிடித்தால், குறட்டால் திருகியதும் வந்துவிடும்.

“பழைய அம்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?”

எண்ணும் நீளமும் உங்களுக்குப் பொருந்தினால் வாங்கலாம். கார்பன் அம்பை முகத்துக்கு எட்டப் பிடித்து, இரு கைகளாலும் மெல்ல வளைத்து, சொரசொரப்பான ஒலி வருகிறதா என்று கேளுங்கள். சுழற்றிச் சுழற்றி நான்கு திசையிலும் வளைக்க வேண்டும். நொறுங்கும் ஒலியோ நகத்தில் தட்டுப்படும் பிளவோ இருந்தால் அதை இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்யாதபடி. கார்பன் சிலும்பு சதையில் ஏறினால் எடுப்பது கடினம். புதிய அம்புக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும், ஒன்றோடொன்று மோதிய பின்பும் இதே சோதனை உண்டு.

எத்தனை வேண்டும் என்றால், வெளியரங்கில் ஒரு சுற்றுக்கு ஆறு அம்பு எய்ய வேண்டியிருப்பதால் எட்டாவது வேண்டும். பன்னிரண்டு இருந்தால் நிம்மதி. போட்டியில் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும்; ஒரு சுற்றில் எய்பவை இறகு, நாக் நிறம் வரை ஒத்திருக்க வேண்டும். எனவே பழைய கட்டில் நிறம் கலந்திருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

“0.001 நேர்த்தி, 0.006 நேர்த்தி என்று விலை இரட்டிப்பாகிறதே, தேவையா?”

தண்டு எத்தனை அங்குலத்துக்குள் நேராக இருக்கிறது என்பதன் அளவு அது. 30 மீட்டர் வரை எய்பவர் அந்த வேறுபாட்டைத் தம் மதிப்பெண்ணில் பார்க்கவே முடியாது. அந்தக் காசுக்கு எடை ஒத்த கூடுதல் அம்புகள் வாங்கலாம்.

“எல்லாம் சரியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். பன்னிரண்டில் ஒன்று மட்டும் எப்போதும் தனியாகப் போகிறது.”

முதலில் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அம்புகளில் 1 முதல் 12 வரை எண் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எது எங்கே குத்தியது என்று தாளில் குறியுங்கள். பத்துச் சுற்றாவது வேண்டும். பலருக்கு இந்தத் தாளிலேயே ஐயம் தீர்ந்துவிடும், ஏனெனில் தனியாகப் போவது வெவ்வேறு அம்பாக இருக்கும்.

ஒரே எண்தான் என்று உறுதியானால், விரிசல் சோதனை, பிறகு தராசு, பிறகு இறகின் ஓரம். எதிலும் குறை இல்லையென்றால் நாக்கை மூன்றில் ஒரு பங்கு திருப்பி, இறகின் இடம் மாற்றி எய்து பாருங்கள். ஒரு தண்டு எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை, திருப்பியதும் மற்ற அம்புகள் குத்தும் கூட்டத்துக்குள் வந்துவிடுவது உண்டு. மூன்று முறை திருப்பியும் வராத ஒன்று என்னிடம் இருந்தது. விரிசலில்லை, எடை சரி, இன்னும் வெட்டாத முழு நீளத் தண்டு. அதன் முனையைக் கழற்றி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வெள்ளை வண்ணத்தில் அங்குலக் கோடுகள் போட்டேன். மூன்றாம் கேள்வியில் சொன்ன அளவை அம்பு அதுதான்.